டாம்பூனா, நாப்கினா, கப்பா? மணிக்கணக்கை வைத்து முடிவெடுங்கள்

அக்கா மகளுக்குப் பதினாறு வயது. நீச்சல் பயிற்சியில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது, ஒருநாள் போனில் கூப்பிட்டாள். "சித்தி, மாசத்துல அஞ்சு நாள் வரலைன்னா கோச் திட்டுறாங்க. டாம்பூன் வைக்கலாமா? அம்மா வேண்டாங்கிறாங்க. கூடப் படிக்கிற பொண்ணு கப் வாங்கச் சொல்றா. எதுதான் நல்லது?"

நாப்கின் வெளியே வைப்பது; டாம்பூனும் கப்பும் மாதவிடாய் நாள்களில் யோனிக்குள் வைப்பவை. எது நல்லது என்ற இதே கேள்வியை வேறு வேறு வயதுப் பெண்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இரவுப் பணி பார்க்கும் நர்ஸ் ஒருவர், தினமும் மூன்று மணி நேரம் பயணம் செய்து வேலைக்குப் போகும் ஒருவர், குழந்தை பிறந்து சில மாதமே ஆன ஒருவர். எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனால் எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் நாளில் எத்தனை மணிக்கு ஒருமுறை, கை கழுவி, கதவைத் தாழிட்டு, ஐந்து நிமிடம் பதற்றமில்லாமல் இருக்க முடியும்? அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி முடிவு ஆகிவிடும். டாம்பூனைப் பொறுத்தவரை பாதிக்கும் மேல்.

## எதை வைத்து அளப்பது

பெட்டியில் போட்டிருக்கும் வாசகங்களை ஒதுக்கிவிட்டு, இந்த ஐந்தையும் உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, நேரம். ஒருமுறை வைத்தால் எத்தனை மணி நேரம் விடலாம், அந்த நேரத்துக்குள் எடுக்க உங்களால் முடியுமா? இரண்டாவது, இடம். மாற்றுகிற இடத்தில் தண்ணீரும் சோப்பும் இருக்கிறதா, குப்பைத்தொட்டி இருக்கிறதா? மூன்றாவது, ஓட்டம். மாதவிடாய் முழுவதும் சேர்ந்து சராசரியாக 30 முதல் 40 மில்லி ரத்தம்தான் போகிறது; 80 மில்லியைத் தாண்டினால் மருத்துவத்தில் அதை அதிக உதிரப்போக்கு என்பார்கள். ஆனால் அது ஐந்து நாளிலும் சமமாகப் பிரிந்து வருவதில்லை. இரண்டாம் நாளுக்குத் தேவைப்படுவது வேறு, ஐந்தாம் நாளுக்குத் தேவைப்படுவது வேறு.

நான்காவது, உங்கள் உடலும் மனமும். உள்ளே ஒன்றை வைப்பதில் உங்களுக்குத் தயக்கம் இருக்கிறதா, வலி இருக்கிறதா, அண்மையில் பிரசவமோ சிகிச்சையோ நடந்ததா? இதை வெட்கப்பட்டு ஒதுக்கிவிடாதீர்கள். வேண்டாம் என்று தோன்றினால் அதுவே போதுமான காரணம். கடைசியாக, செலவும் கழிவும். கையை விட்டுப் போகும் பணம் மட்டுமில்லை, பழகுவதற்கு ஆகும் மாதங்களும் செலவுதான்.

## நாப்கின்

இதைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை, பெரும்பாலோர் இதில்தான் தொடங்கியிருப்போம். வெளியே இருப்பதால் பழக வேண்டியது எதுவுமில்லை. டாம்பூனோடு சேர்த்துப் பேசப்படும் டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம் (பாக்டீரியாவின் நச்சால் வரும், அரிதான ஆனால் உயிருக்கு ஆபத்தான நோய்) நாப்கினில் இல்லை என்றே சொல்லிவிடலாம். தூக்கத்துக்கு, பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களுக்கு, உடம்பு முடியாமல் படுத்திருக்கும் நாள்களுக்கு இதைவிட எளியது கிடையாது. எப்போது மாற்ற வேண்டும் என்பதையும் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

மறைந்திருக்கும் செலவு தோலில் இருக்கிறது. வியர்வை, ஈரம், உராய்வு மூன்றும் சேர்ந்தால் தொடை இடுக்கில் புண்ணாகும். நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் இது குறையும். ஓட்டம் குறைவு என்பதால் ஒரே நாப்கினை நாள் முழுக்க வைத்திருப்பவர்களுக்குத்தான் அரிப்பும் நாற்றமும் அதிகம். வாசனை சேர்த்த நாப்கின்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. அந்த வாசனைப் பொருளே பலருக்கு எரிச்சலைக் கிளப்பும்.

தண்ணீரில் இறங்க முடியாது. ஓட்டப் பயிற்சி, ஜிம்னாஸ்டிக்ஸ் போன்றவற்றில் நகரும், சுருளும். துணி நாப்கின் என்றால் கழிவு குறையும், அதற்குப் பதில் குளிர்ந்த தண்ணீரில் அலசி, சோப்பு போட்டுத் துவைத்து, வெயிலில் முழுதாகக் காயவைக்கும் வேலை கூடும். அரைகுறையாகக் காய்ந்ததைத் திரும்பக் கட்டுவது நல்லதல்ல.

## டாம்பூன்

பயம் அதிகம் இருப்பதும், தவறான தகவல் அதிகம் உலவுவதும் இதைப் பற்றித்தான். அதனால் இதில் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

இறுக்கி உருட்டிய பஞ்சு, அடியில் ஒரு நூல். அவ்வளவுதான் டாம்பூன். பெரும்பாலும் பருத்தி, ரேயான் அல்லது இரண்டின் கலவை. யோனிக்குள் இருந்தபடியே ரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். சரியாக உட்கார்ந்துவிட்டால் உள்ளே இருப்பதே தெரியாது. யோனியின் வெளிப்பகுதியில்தான் தொடு உணர்வு அதிகம், உட்பகுதியில் மிகக் குறைவு என்பதே காரணம். "உறுத்துகிறது" என்று யாராவது சொன்னால், அநேகமாக அது பாதி வழியில் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

உள்ளே தொலைந்துபோகுமோ என்ற பயம் வேண்டாம். யோனியின் மேல்முனையில் கருப்பை வாய் இருக்கிறது, அதன் துளை மிகச் சிறியது, டாம்பூன் அதைத் தாண்டவே முடியாது. சிறுநீர் கழிக்க டாம்பூனை எடுக்க வேண்டியதும் இல்லை, சிறுநீர் வரும் துவாரம் வேறு. கன்னித்திரை என்பது யோனியின் வாயை அடைத்து நிற்கும் மூடி இல்லை. ஓரத்தில் இருக்கும் மெல்லிய, நெகிழும் சவ்வு. மாதவிடாய் ரத்தம் வெளியே வருவதே அதில் வழி இருப்பதால்தான். டாம்பூன் வைத்தால் ஒரு பெண்ணின் கன்னித்தன்மை போய்விடும் என்பதில் எந்த உண்மையும் இல்லை. அக்காவின் "வேண்டாம்" இங்கிருந்துதான் வந்தது. அவளோடு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து படம் வரைந்து பேசிய பிறகுதான் முகம் தெளிந்தது.

### எட்டு மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது

டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம் அரிதான நோய். ஆனால் வந்தால் மணிக்கணக்கில் முற்றும், உயிருக்கே ஆபத்தாகும். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா பலரின் மூக்கிலும் தோலிலும் எந்தத் தொந்தரவும் தராமல் வாழ்கிறது, சிலருக்கு யோனியிலும். அதில் சில வகைகள் நச்சு ஒன்றை உண்டாக்கும். அந்த நச்சு ரத்தத்தில் கலந்தால்தான் விபரீதம். பெரும்பாலோருக்கு வளர்ந்து முடிப்பதற்குள் அதற்கான எதிர்ப்புச் சக்தி வந்துவிடுகிறது. வளரிளம் பெண்களில் சிலருக்கு இன்னும் வந்திருக்காது, அதனால் அவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

1980-இல் அமெரிக்காவில் இந்த நோய் திடீரென்று பரவலாகத் தெரிந்தது. அப்போது விற்பனையில் இருந்த 'ரிலை' என்ற டாம்பூன், செயற்கை நுரையும் மிக அதிகமாக உறிஞ்சும் செல்லுலோஸ் வகையும் சேர்த்துச் செய்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். உறிஞ்சும் திறன் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது என்பது அதன்பின் தெளிவானது. அந்த வகைப் பொருள்கள் போனதும் நோயாளிகளின் எண்ணிக்கையும் வெகுவாகக் குறைந்தது. இன்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சொல்வது: 4 முதல் 8 மணி நேரத்துக்குள் மாற்றுங்கள், 8 மணி நேரத்தைத் தாண்டாதீர்கள், தேவைக்குப் போதுமான மிகக் குறைந்த உறிஞ்சும் அளவையே பயன்படுத்துங்கள்.

டாம்பூன் வைத்திருக்கும்போதோ எடுத்த ஓரிரு நாளிலோ திடீரென்று 39 டிகிரி செல்சியஸை ஒட்டிக் காய்ச்சல், வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு, எழுந்து நின்றால் தலைசுற்றல், வெயிலில் கன்றியது போன்ற சிவப்புத் தடிப்பு, கடும் உடல்வலி என்று வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். எல்லாமே சேர்ந்து வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். டாம்பூனை உடனே எடுத்துவிட்டு அவசர சிகிச்சைக்குப் போங்கள், போனதும் முதல் வாக்கியமாக "டாம்பூன் வைத்திருந்தேன்" என்று சொல்லுங்கள். சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் மாத்திரை போட்டுக் காத்திருப்பதுதான் இதில் மிகப்பெரிய ஆபத்து.

"நூறு சதவீதப் பருத்தி, அதனால் ஆபத்தில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்தப் பஞ்சாக இருந்தாலும் மணிக்கணக்கு ஒன்றுதான்.

### எந்த அளவு வாங்குவது

இந்த இடத்தில்தான் நானே தவறு செய்தேன். முதன்முறை வாங்கியபோது, பெரியதாக இருந்தால் நீண்ட நேரம் தாங்கும் என்று 'சூப்பர்' வாங்கினேன். அதை நாலாம் நாள், ஓட்டம் சொட்டுச் சொட்டாக இருந்தபோது வைத்தேன். எடுக்கும்போது காய்ந்த பஞ்சு உள்சுவரோடு ஒட்டிக்கொண்டு இழுத்த இழுப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாம்பூனே எனக்கு ஒத்துவராது என்று இரண்டு வருடம் தொடவில்லை. ஒத்துவராதது டாம்பூன் அல்ல, நான் எடுத்த அளவும் நாளும்.

அமெரிக்க விதிப்படி பெயர்கள் இப்படிப் போகும்: லைட் 6 கிராமும் அதற்குக் குறைவும், ரெகுலர் 6 முதல் 9 கிராம், சூப்பர் 9 முதல் 12, சூப்பர் பிளஸ் 12 முதல் 15, அல்ட்ரா 15 முதல் 18. இது எவ்வளவு உறிஞ்சும் என்ற கணக்கு. உடம்பின் அளவுக்கோ வயதுக்கோ சம்பந்தமில்லை. சில பெட்டிகளில் எழுத்துக்குப் பதில் சொட்டுப் படங்கள் இருக்கும், சொட்டுகள் கூடினால் உறிஞ்சும் அளவும் கூடுகிறது.

உங்களுக்கு எது சரி என்பதை எடுத்த டாம்பூனே சொல்லிவிடும். ஆறேழு மணி நேரம் கழித்து எடுக்கும்போது பஞ்சில் வெள்ளை நிறையத் தெரிந்தால் ஒரு அளவு இறங்குங்கள். நாலு மணி நேரத்துக்குள் முழுதும் நனைந்து கசிந்தால் ஒரு அளவு ஏறுங்கள். ஒரே பெட்டியை ஐந்து நாளும் ஓட்டாமல் இரண்டு அளவுகள் கையில் இருக்கட்டும். ஓட்டம் இல்லாத நாளில், "இன்னிக்கு வந்தாலும் வரும்" என்று முன்கூட்டி வைக்க வேண்டாம். வெள்ளைப்படுதலுக்கும் டாம்பூன் கூடாது.

### அப்ளிகேட்டர் உள்ளதா, இல்லாததா

அப்ளிகேட்டர் என்பது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள். வெளிக்குழாயை உள்ளே நுழைத்து, உட்குழாயைத் தள்ளினால் டாம்பூன் உள்ளே போகும், குழாய்களை எடுத்துவிடலாம். விரல் உள்ளே போக வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், அதிலும் முனை வழவழப்பான பிளாஸ்டிக் குழாயை. அட்டைக் குழாய் கொஞ்சம் உரசும். குறை என்னவென்றால் ஒவ்வொரு தடவையும் ஒரு குழாய் குப்பைக்குப் போகிறது.

அப்ளிகேட்டர் இல்லாதது சிறியது, உள்ளங்கையில் மறைத்துக் கொண்டுபோகலாம், கழிவு குறைவு. விரலால் தள்ளுவதால் எவ்வளவு ஆழம் போயிற்று என்பதும் நமக்கே தெரியும். ஆனால் வைப்பதற்கு முன் கை கழுவ முடியாத இடத்தில் இது உதவாது. பழகிய பிறகு பலர் இதற்கு மாறுகிறார்கள், நானும் மாறினேன்.

திரும்பத் திரும்பத் துவைத்துப் பயன்படுத்தும் டாம்பூன் என்று விற்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கிருமித் தொற்று வரலாம் என்பதால் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமே வேண்டாம் என்கிறது.

### வலிக்காமல் வைப்பது, எடுப்பது

முதல் முயற்சியை ஓட்டம் நன்றாக இருக்கும் நாளில், வீட்டில், அவசரமில்லாத நேரத்தில் செய்யுங்கள். ஈரம் இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். மிகச் சிறிய அளவை எடுங்கள். கையைக் கழுவித் துடைத்த பிறகு உறையைப் பிரியுங்கள். நூலை மெல்ல இழுத்துப் பார்த்து உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு காலை ஏதாவது ஒன்றின் மேல் தூக்கி வைத்து நிற்கலாம், குத்துக்காலிட்டு உட்காரலாம், கழிப்பறை இருக்கையில் முழங்கால்களை அகற்றி உட்காரலாம். முதல்முறை சங்கடப்படுகிறவர்கள் பெரும்பாலும் நேர் மேல்நோக்கித் தள்ளுகிறார்கள். யோனி நேர் மேலே போவதில்லை, இடுப்பின் பின்பக்கம் நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அந்தத் திசையில், மூச்சை மெல்ல வெளியே விட்டபடி தள்ளுங்கள். அப்ளிகேட்டர் என்றால் குழாயின் நடுவில் பிடித்த விரல்கள் உடம்பில் படும்வரை. விரலால் என்றால் நடுக்கணு உள்ளே போகும்வரை. நூல் வெளியே தொங்க வேண்டும். உட்கார்ந்து, நடந்து பாருங்கள். உறுத்தினால் சுத்தமான விரலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள், அப்படியும் சரியாகவில்லை என்றால் எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று.

உடம்பு பயத்தில் இறுகிக்கொண்டால் விட்டுவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம், அடுத்த மாதம் பார்க்கலாம். தண்ணீர் அடிப்படையிலான லூப்ரிகன்ட் கொஞ்சம் முனையில் தடவினால் உதவும். எத்தனை முறை முயன்றாலும் சுவரில் முட்டுவதுபோல் இருந்தாலோ, கடுமையாக வலித்தாலோ பெண்கள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். தசைகள் தானாக இறுகிக்கொள்ளும் வெஜைனிஸ்மஸ் என்ற நிலை இருக்கலாம், கன்னித்திரையின் குறுக்கே ஓர் இழை ஓடலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு, இரண்டும் உங்கள் தப்பு இல்லை.

எடுக்கும்போது அதே சாய்வில், மூச்சை விட்டபடி நூலை மெல்ல இழுங்கள். நூல் கைக்கு அகப்படவில்லை என்றால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முக்கிக்கொண்டே சுத்தமான விரலால் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், அவர்களுக்கு இரண்டு நிமிட வேலை. அடுத்ததை வைப்பதற்கு முன் முந்தையதை எடுத்துவிட்டோமா என்று ஒருமுறை யோசியுங்கள். மறந்துபோய் உள்ளேயே தங்கிவிட்ட டாம்பூன் துர்நாற்றத்தோடு கசிவாகத் தெரியவரும், அதற்கும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். எடுத்ததைத் தாளில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். கழிப்பறைக்குள் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

### கண்ணில் படாத செலவு

ஐந்து நாள், தினம் நாலைந்து என்று வைத்தால் மாதத்துக்கு 20 முதல் 25. வருடத்துக்கு 13 சுழற்சி என்றால் 260-க்கு மேல். எட்டு மணி நேரத்துக்கு மேல் தூங்குகிறவர்கள் இரவுக்குத் தனியாக நாப்கினும் வாங்க வேண்டும். நூலின் வழியே கசியும் நாள்களுக்கு மெல்லிய லைனர் ஒன்று. அப்புறம் எப்போதும் மணி பார்த்துக்கொண்டே இருக்கும் மனவேலை. இது சிலருக்குப் பொருட்டே இல்லை. மறதி உள்ளவர்களுக்கும், நேரம் தன் கையில் இல்லாத வேலை செய்கிறவர்களுக்கும் பெரிய பாரம். போனில் அலாரம் வைக்க முடியாத, நினைத்த நேரத்தில் எழுந்து போக முடியாத வேலை என்றால் டாம்பூன் வேண்டாம் என்பதே என் கருத்து.

2024-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் 14 பிராண்டுகளின் 30 டாம்பூன்களைச் சோதித்து, ஈயம், ஆர்சனிக் உட்பட 16 உலோகங்களைத் தேடி அளந்தார்கள். பஞ்சில் உலோகம் இருக்கிறது என்பதைத்தான் அது காட்டியது, அதில் எவ்வளவு உடம்புக்குள் போகிறது என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. இதைக் கேட்டு இன்றே நிறுத்த வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெண்கள் பல பத்தாண்டுகள் பயன்படுத்தும் ஒரு பொருளை இவ்வளவு காலம் கழித்துத்தான் இப்படிச் சோதிக்கிறார்கள் என்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

### யார் தவிர்க்க வேண்டும்

டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம் ஒருமுறை வந்தவர்கள் டாம்பூன் பக்கமே போகக் கூடாது. பிரசவத்துக்குப் பின் ஏறக்குறைய ஆறு வாரம், மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வேண்டாம். கருச்சிதைவு அல்லது கருப்பை வாயில் சிகிச்சை நடந்திருந்தாலும் கேட்டுவிட்டுத்தான். யோனிக்குள் வைக்கும் மருந்து எடுக்கிற நாள்களில் டாம்பூன் வைத்தால் மருந்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும்.

## மென்ஸ்ட்ருவல் கப்

கப் உறிஞ்சுவதில்லை, பிடித்து வைக்கிறது. மருத்துவத் தர சிலிகானில் செய்த சிறு குவளை. மடித்து உள்ளே விட்டால் விரிந்து சுவரோடு பொருந்தி உட்காரும். புதிய கண்டுபிடிப்பு என்று நினைக்கிறோம், ஆனால் அமெரிக்க நடிகை லியோனா சால்மர்ஸ் 1937-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

2019-இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் 43 ஆய்வுகளை, 3,300-க்கும் மேற்பட்ட பெண்களின் அனுபவத்தை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். கசிவு மற்ற பொருள்களைப்போலவோ அவற்றைவிடக் குறைவாகவோ இருந்தது. பழகியவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் தொடர விரும்பினார்கள். டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம் ஐந்து பேருக்கு வந்ததும் அதில் பதிவாகியிருக்கிறது. எனவே கப்பில் அது வரவே வராது என்று நினைக்க வேண்டாம். தயாரிப்பாளர்கள் பலர் 12 மணி நேரம்வரை வைக்கலாம் என்கிறார்கள். நான் எட்டிலேயே எடுத்துவிடுவேன்.

செலவுக் கணக்கில் இதை எதுவும் நெருங்க முடியாது. ஒழுங்காகப் பராமரித்தால் ஒரே கப் பத்து ஆண்டுவரை வரும். பஞ்சுபோல் உள்ஈரத்தை இழுக்காததால் ஓட்டம் குறைந்த நாளிலும் காய்ந்து ஒட்டாது.

மறைந்திருக்கும் செலவு முழுக்கப் பழகுவதில்தான். இரண்டு, மூன்று மாதமாவது தடுமாறுவீர்கள். விரல் உள்ளே போயே ஆக வேண்டும். எடுக்கும்போது காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது; அடிப்பகுதியை விரலால் அழுத்தி, உள்ளே இருக்கும் காற்றுப்பிடிப்பை விடுவித்த பிறகுதான் இழுக்க வேண்டும். பொதுக் கழிப்பறையில் ரத்தம் நிறைந்த குவளையைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் தேடுவது சுலபமில்லை. மாதவிடாய் முடிந்ததும் கொதிக்கும் தண்ணீரில் சில நிமிடம் போட்டு எடுக்க வேண்டும், அதற்கென்று ஒரு பாத்திரம், அதை எங்கே வைப்பது என்ற குடும்பப் பேச்சு. இன்னொன்று, காப்பர் டி போட்டவர்கள் கப் எடுக்கும்போது அது நகர்ந்துவிட்ட நிகழ்வுகளும் அதே ஆய்வுத் தொகுப்பில் உண்டு. அவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

## டிஸ்க்கும் பீரியட் உள்ளாடையும்

டிஸ்க் என்பது கப்பைப்போலவே உள்ளே வைத்து ரத்தத்தைப் பிடிக்கும் தட்டையான வட்டக் கிண்ணம். பீரியட் உள்ளாடை என்பது ரத்தத்தை உறிஞ்சும் அடுக்கு வைத்துத் தைத்த ஜட்டி. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கமான உப்புநீருக்குப் பதில் மனித ரத்தத்தையே ஊற்றி 21 பொருள்களை அளந்தார்கள். டிஸ்க் சராசரியாக 61 மில்லி பிடித்து முதலிடம் வந்தது. டாம்பூன், நாப்கின், கப் மூன்றும் ஏறத்தாழ 20 முதல் 50 மில்லிக்குள். பீரியட் உள்ளாடை வெறும் 2 மில்லி. இது ஒன்றே போதும்: அதிகப் போக்கு உள்ளவர்கள் டிஸ்க்கை முயன்று பார்க்கலாம், உள்ளாடையைக் கடைசி நாள்களுக்கோ டாம்பூனுக்குத் துணையாகவோ வைத்துக்கொள்ளலாம். டிஸ்க்கைக் கொட்டாமல் எடுக்கக் கப்பைவிடக் கூடுதல் பயிற்சி வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | நாப்கின் | டாம்பூன் | கப் |
|---|---|---|---|
| எத்தனை மணி நேரம் | 4–6 | 4–8, அதற்கு மேல் கூடாது | 8, சில வகைகளில் 12 வரை |
| மாற்றும் இடத்தில் தேவை | குப்பைத்தொட்டி | கை கழுவும் வசதி, குப்பைத்தொட்டி | கை கழுவும் வசதி, அலசத் தண்ணீர், தனிமை |
| நீச்சல் | முடியாது | முடியும் | முடியும் |
| பழகும் காலம் | இல்லை | ஓரிரு சுழற்சி | இரண்டு, மூன்று சுழற்சி |
| வருடத்துக்கு எத்தனை | 260-ஐ ஒட்டி | 260-க்கு மேல், இரவு நாப்கின் தனி | ஒன்றே பல வருடம் |
| டாக்ஸிக் ஷாக் | இல்லை எனலாம் | மிக அரிது, ஆனால் உண்டு | அரிது, ஆனால் உண்டு |
| பெரிய தொந்தரவு | புண், ஈரம் | மணி பார்ப்பது, காய்ந்து இழுப்பது | பழகுவது, சுத்தம் செய்வது |

## யாருக்கு எது

தண்ணீர் விளையாட்டு, நடனம், ஒருநாள் போட்டி என்று குறிப்பிட்ட சில மணி நேரத்துக்குத் தேவைப்படுகிறவர்களுக்கு டாம்பூன் முதல் தேர்வு. பழக எளிது, வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடலாம். நீந்தி முடித்ததும் மாற்றிவிடுங்கள், நூல் நனைந்திருக்கும்.

ஒவ்வொரு மாதமும் பெட்டி வாங்கிக் களைத்தவர்கள், வீட்டில் தனிக் குளியலறையும் பொறுமையும் உள்ளவர்கள் கப்பைப் பழகலாம். விடுமுறை நாள்களில் தொடங்குங்கள், முக்கியமான தேர்வுக்கோ பயணத்துக்கோ முந்தின நாளில் அல்ல.

வேலை முடிய எத்தனை மணியாகும் என்றே தெரியாதவர்கள், கழிப்பறை கிடைக்குமா என்று தெரியாமல் பயணம் செய்கிறவர்கள், வலியோ தயக்கமோ உள்ளவர்கள் நாப்கினோடு இருங்கள். நவீனமாக இல்லை என்று யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அந்த இரவுப் பணி நர்ஸுக்கு நான் சொன்னது இதுதான். வார்டில் அவசரம் என்றால் பத்து மணி நேரம் எப்படிப் போயிற்று என்றே அவருக்குத் தெரியாது. அவர் டாம்பூனை விடுமுறை நாள்களுக்கு மட்டும் வைத்திருக்கிறார்.

எதைப் பயன்படுத்தினாலும் ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நனைந்து போகிறது, பெரிய கட்டிகளாக வருகிறது, மூச்சு வாங்குகிறது, எப்போதும் சோர்வாக இருக்கிறது என்றால் பொருளை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். நார்த்திசுக் கட்டி, தைராய்டு, ரத்தம் உறைவதில் குறை என்று காரணம் வேறாக இருக்கலாம், கூடவே ரத்தசோகையும் வந்திருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள்.

அக்கா மகள் கடைசியில் எடுத்த முடிவு: பயிற்சிக்கு அரை மணி முன்னால் 'லைட்' அளவு, அப்ளிகேட்டரோடு. தண்ணீரிலிருந்து வந்து உடை மாற்றும்போதே எடுத்துவிட்டு நாப்கின். இரவில் டாம்பூன் இல்லவே இல்லை. முதல் மாதம் மூன்று தடவை வைக்க முடியாமல் அழுதுகொண்டே போன் செய்தாள். நாலாவது தடவை போன் வரவில்லை. சாயங்காலம் அக்காதான் கூப்பிட்டாள், "எட்டு ரவுண்டு நீந்திட்டு வந்து தூங்குறா" என்று.